பாஸ்கல் போட்ட பாடத்திட்டம்

மாட்டுப்பட்டி அணைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பாஸ்கலைத் தெரியாத ஆள் கிடையாது. ஒன்பது வேலைநிறுத்தம், நாலு சார்ஜ் ஷீட், இரண்டு சஸ்பென்ஷன், ஒரு கல்யாணம். இத்தனையையும் பார்த்த மனிதர். முதல் மூன்றிலும் அவர் தலை குனிந்ததே இல்லை. நாலாவதைப் பற்றி அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. அதனால் நாம் பேச வேண்டியிருக்கிறது.

அவர் கல்லூரியில் படித்தவர் அல்ல. துண்டுப் பிரசுரத்தில் படித்தவர். கடைக்காரன் வடை மடித்துக் கொடுத்த பிரசுரத்தைக்கூட விடமாட்டார். வடையைப் பிறகு தின்னலாம் என்று வைத்துவிட்டு, எண்ணெய்க் கறைக்குள் மறைந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். இந்த நாட்டில் பட்டம் வாங்கியவன் துரைக்குக் கணக்கு எழுதப் போகிறான். பிரசுரம் படித்தவன் துரையிடம் கணக்குக் கேட்கப் போகிறான். முன்னவனுக்குச் சம்பளம் உண்டு. பின்னவனுக்கு ஆறின வடைதான். போகட்டும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் மே மாதம் அவருடைய மகள் செசிலி ஐந்தாம் வகுப்பில் பாஸானாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாம் வகுப்புக்கு டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு வழக்கம். தோட்டத்துப் பிள்ளை என்றால் துரையிடமிருந்தோ கோயில் பங்குச் சாமியாரிடமிருந்தோ ஒரு சீட்டு வேண்டும். பிறகு அப்பனே நேரில் போய், தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் முன்னால் நின்று ஒப்புப் போட வேண்டும். மலையாளத்துச் சீமையில் கையெழுத்துக்கு ஒப்பு என்று பெயர்.

"நான் போய் நிக்கணுமா?" என்று பாஸ்கல் லயத்து வரிசை வீடு அத்தனையும் கேட்கும்படி கர்ஜித்தார். "சீட்டுக் கொண்டா, கையைக் கட்டிட்டு நில்லு, ஒப்புப் போடுன்னா போடணுமா? கேட்டு வாங்கினா அது பிச்சை. போராடி வாங்கினாத்தான் உரிமை. என் மக அந்த வாசலை மிதிக்க மாட்டா!"

அவர் மனைவி செபமாலையம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப புள்ளை படிக்க வேண்டாமாங்க?"

"படிக்கும். வீட்டிலேயே படிக்கும்."

"யாரு சொல்லிக் குடுப்பா?"

"நான்தான்!"

செபமாலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"சரிங்க," என்றாள்.

கோரிக்கை வைத்தவுடனே எதிர்த் தரப்பு ஒப்புக்கொண்டால் அதில் சூது இருக்கும் என்று தொழிலாளிகளுக்கு வகுப்பெடுப்பவர் பாஸ்கல். வீட்டுக்குள் வந்தால் அந்த வகுப்பு மட்டும் அவருக்கு மறந்துபோகும்.

செபமாலை பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவள். செசிலிக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. கொழுந்து எடுக்கிற இடத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அவளிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று: "உன் மக சும்மாத்தானே இருக்கு? களை பிடுங்க அனுப்பேன்." அவள் அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் பத்தாவது வேலைநிறுத்தம் வரும். பள்ளிக்கூடம் வராது.

ஞாயிற்றுக்கிழமை பாடத்திட்டக் குழு கூடியது. தலைவர் பாஸ்கல். உறுப்பினர் பக்கத்து வீட்டுப் பவுல்ராஜ். சங்கத்தில் கோஷம் போடுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. பார்வையாளராகச் செபமாலை அடுப்படியில் உட்கார அனுமதிக்கப்பட்டாள்.

"கீழே பண்ணையில வெளிநாட்டுக்காரன் மாட்டுக்கு அட்டவணை போட்டுத் தீனி வைக்கான்," என்று தொடக்கவுரை நிகழ்த்தினார் பாஸ்கல். "மாட்டுக்கே அட்டவணை இருக்கும்போது என் மகளுக்கு இருக்கக் கூடாதா? எழுதுங்க பவுல்ராஜ். சரித்திரம்."

"எந்த ராசாங்க அண்ணே?"

"ராசா எவனும் வேண்டாம். வேலைநிறுத்தச் சரித்திரம். கணக்கு: போனஸ். பூகோளம்: நம்ம தேயிலை எந்தெந்தத் துறைமுகம் வழியா எவன் வயித்துக்குப் போகுது. தமிழ்: என் டிரங்குப் பெட்டியில இருக்கிற பிரசுரம் அத்தனையும்."

"வேதப் பாடம்? ஞானோபதேசம்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பாஸ்கல் யோசித்தார். அவர் சாமியாரோடு சண்டை போடுவாரே தவிர, மாதாவோடு போட மாட்டார்.

"பாதி இருக்கட்டும். மோயீசன் எகிப்து ராசா பரவோன் முன்னால நின்னு, சனத்தை விடுன்னு கேட்டாரு பாரு, அது வரைக்கும். சனம் மொத்தமா வேலையைப் போட்டுட்டு வெளியேறிச்சுல்லா? உலகத்துலேயே முதல் வேலைநிறுத்தம் அதுதான்."

"ஆண்டவர் குடுத்த பத்துக் கற்பனை வைக்கலாமா அண்ணே?" என்றார் பவுல்ராஜ். "அதுல நாலாவது, அப்பன் ஆத்தாளுக்கு அடங்கி நடன்னு வருதே. அது அடிமைப் புத்தியைல்லா வளர்க்கும்?"

தலைவர் வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

"நாலாவது இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

"இங்கிலீசு?" அடுப்படி விடுவதாக இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு போதாதா? சார்ஜ் ஷீட், ஷோ காஸ், சஸ்பென்ஷன், டிஸ்மிஸ். இந்த நாலையும் தாண்டித் துரை என்கிட்டே இன்னி வரைக்கும் பேசினதில்லை."

"அருமையா இருக்குங்க," என்றாள் செபமாலை. "இப்படி ஒரு படிப்பு கலெக்டர் புள்ளைக்குக்கூடக் கிடைக்காது."

பாஸ்கல் பூரித்துப்போனார்.

பள்ளிக்கூடம் மறுநாளே தொடங்கியது. செசிலி கெட்டிக்காரப் பெண். எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்வாள். அதுதான் வினையாயிற்று.

"செசிலி, ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வா."

"கூப்பிட்டுப் பேசாம வேலைச் சுமையை ஏத்தப்படாதுப்பா."

"யாரு சொன்னா?"

"ரெண்டாம் பாடம்."

இன்னொரு நாள் பாஸ்கல் சங்கத்திலிருந்து தாமதமாக வந்தார். வாசலில் மகள் நின்றாள். "ஷோ காஸ்! காரணம் சொல்லுங்க!" என்றாள். செபமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் பிறந்தது, மழையும் பிறந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, வளைவுப் பாதையில் டவுனுக்கு இறங்கினார்கள். செசிலி ஜன்னலில் நின்று, கடைசிச் சாக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டாள்:

"அப்பா, ஆறாம் கிளாஸ் கணக்குல எக்ஸுன்னு ஒண்ணு வருதாமே. எக்ஸுன்னா என்னப்பா?"

பாஸ்கல் அந்த எக்ஸைப் பார்த்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்வது தலைவருக்கு அழகல்ல.

"எக்ஸுன்னா... முதலாளி மறைச்சு வச்சிருக்கிற லாபம்."

"அதை எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"

"நாங்க இருபது வருஷமாத் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். நீ போய்த் தூங்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செபமாலை பூசைக்குப் போய்விட்டு வந்தாள். ஈரக் குடையை மூலையில் சாய்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு இன்னொன்று விட்டாள். இரண்டாவது பெருமூச்சுக்கு எந்தப் புருஷனும் காரணம் கேட்டே தீர வேண்டும்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லைங்க. விடுங்க."

"என்னன்னு சொல்லு."

"கோயில் வாசல்ல மதரைப் பார்த்தேன். நான் பாட்டுக்குத் தோத்திரம் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவுகளாத்தான் கூப்பிட்டுச் சொன்னாக. 'பாஸ்கல் மகளுக்கு எங்க பள்ளிக்கூடத்துல இடமே கிடையாது. கொடி பிடிக்கிறவன் பிள்ளை வீட்டிலேயே கிடக்கட்டும், அதுதான் எல்லாருக்கும் நிம்மதி'ன்னாக."

பாஸ்கல் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை உத்தரத்தில் இடித்தது. அதுவும் நிர்வாகம் கட்டிய உத்தரம்.

"இடம் கிடையாதா? என் மகளுக்கா?"

"நமக்குத்தான் வேண்டாமே. நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்குவோம்."

"வேண்டாம்னு நாம சொல்லலாம்டி! கிடையாதுன்னு அவுக சொல்லப்படாது! இது ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா?"

"எனக்கு என்னங்க தெரியும்."

"நாளைக்கே போறேன். ஆளைத் திரட்டிட்டுப் போறேன்!"

"ஐயோ மாதாவே!" செபமாலை இரண்டு கையாலும் அவர் காலைப் பிடித்தாள். "போகாதீங்க. பெரிய இடம். உங்களால முடியாதுங்க."

உங்களால முடியாது! இந்தத் தோட்டத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு பாஸ்கல் வீட்டில் உட்கார்ந்திருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

திங்கட்கிழமை காலையில், கொட்டுகிற மழையில், எல்லாப் போராட்டத்துக்கும் போகிற அதே பன்னிரண்டு பேர், பாஸ்கலையும் சேர்த்து, கொடியோடு டவுனுக்கு இறங்கினார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் பவுல்ராஜ் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"இடம் கொடு! இடம் கொடு!"

"செசிலிக்கு இடம் கொடு!"

"மூடாதே! மூடாதே!"

"பள்ளிக் கதவை மூடாதே!"

கதவு திறந்துதான் கிடந்தது. கோஷத்துக்குப் பொருந்தவில்லையே என்று பவுல்ராஜே அதை இழுத்துச் சாத்தினார்.

குடையைப் பிடித்துக்கொண்டு மதர் வந்தார். மலையாளத்து அம்மாள். தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவார். கதவைத் திறந்தார்.

"வந்தாச்சா பாஸ்கலே? மழையல்லோ, தாமசம் ஆகும்னு நெனைச்சேன். எல்லாரும் உள்ளே வாங்க, காப்பி ஆறிப்போகும்."

"காப்பி குடிக்க வரலை மதர். என் மகளுக்கு இடம் கிடையாதுன்னு சொன்னதுக்குக் காரணம் கேட்டு வந்திருக்கோம்."

"ஆரு சொன்னது?"

"நீங்கதான்!"

"ஞானோ?" மதர் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "செபமாலை போன மாசமே சாமியார் சீட்டைக் கொண்டு தந்தாளே. குட்டியோட பேரும் எழுதியாச்சு. அப்பனோட ஒப்பு மாத்திரம் பாக்கி. அவரு வருவாரான்னு நான் கேட்டேன். 'வருவாரு மதர். கொடியோட, கூட்டத்தோட வருவாரு. நீங்க பேடிக்கவோ பயப்படவோ வேண்டாம். பன்னிரண்டு பேருக்குக் காப்பி போட்டு வைங்க'ன்னு இன்னலை, ஞாயித்துக்கிழமை பூசை கழிஞ்சு சொன்னாளே."

பாஸ்கலுடைய முஷ்டி மேலே தூக்கியபடியே நின்றது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவர் படித்த பிரசுரம் எதிலும் போட்டிருக்கவில்லை.

பின்னால் மழை இரைச்சலில் ஒரு வார்த்தையும் காதில் விழாத பதினோரு பேர், "இடம் கொடு! இடம் கொடு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் பெண்டாட்டி என்னை ஏமாற்றிவிட்டாள், திரும்பிப் போவோம் தோழர்களே என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையில் ஏறுவது? மதர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். நனைந்துவிடாமல் குடையையும் அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

பாஸ்கல் ஒப்புப் போட்டார்.

"அண்ணே, என்னாச்சு?" என்று பவுல்ராஜ் ஓடிவந்தார்.

பாஸ்கல் தொண்டையைச் செருமினார்.

"ஒத்துக்கிட்டாங்க."

"வெற்றி! வெற்றி! போராட்டம் வெற்றி!"

உள்ளே வராந்தாவில் வரிசையாக வைத்த தம்ளர்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நிர்வாகம் பணிந்து, உபசாரமும் செய்து பார்த்தது தோழர்களுக்கு இதுவே முதல் தடவை. இரண்டாம் தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பவுல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்கல் ஓரமாக நின்று தம்முடைய காப்பியைக் குடித்தார். இத்தனை வருஷப் போராட்டத்தில், வைத்த கோரிக்கை பைசா குறையாமல் நிறைவேறியது இது ஒன்றில்தான். அதை நினைத்தால் சந்தோஷப்பட வேண்டும். அவரால் முடியவில்லை.

வளைவுப் பாதையில் ஏறும்போது தீர்மானித்தார். மதர் சொன்னது மழையோடு போயிற்று. வேறு ஒருவர் காதிலும் விழவில்லை. நமக்குத் தெரிந்துபோனது செபமாலைக்கு மட்டும் எப்படித் தெரியும்? நமக்கு ஒன்றும் தெரியாது. போனோம், போராடினோம், வென்றோம். அவ்வளவுதான்.

வாசலிலேயே குரல் கொடுத்தார்.

"ஏட்டி செபமாலை! வாங்கிட்டேன் இடத்தை! கெஞ்சலை, குனியலை. நான் போட்ட சத்தத்துல மதர் ஆடிப்போயிட்டாக. நாளைக்கே செசிலி ஆறாம் கிளாஸ்!"

செசிலி எங்கிருந்தோ ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். செபமாலை அவருடைய ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம்.

"எனக்குத் தெரியாதாங்க? நீங்க போய் நின்னா இடம் கிடைக்காம இருக்குமா?"

பாஸ்கலின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது. துண்டை உதறிக் கொடியில் காயப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவள் கேட்டாள்:

"நான் மதர்கிட்டே காப்பிக்குக் குடுத்துட்டு வந்த சீனி, பன்னெண்டு பேருக்கும் பத்துச்சாங்க?"