பத்தி மாப்பிள்ளையும் ஒரு சீப்பு செவ்வாழையும்

வாழைத்தோட்டத்துக்காரர் மகனாகப் பிறந்தும், ஒரு வாழைப்பழம் பழுத்திருக்கிறதா இல்லையா என்று எனக்கு முப்பத்தொரு வயது வரை தெரியாது. வெளியூரில் இதைச் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கம்பத்தில் சொன்னால், "அதான் ஊருக்கே தெரியுமே" என்கிறார்கள்.

என் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வாழை. கன்று நடுவது, தண்ணீர் பாய்ச்சுவது, காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுப்பது எல்லாம் எங்கள் வேலை. தார் திரண்டதும் வியாபாரி ஆள் அனுப்புவார். பச்சையாக வெட்டி, பச்சையாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு அப்புறம் அந்தக் காய் எங்கே போய், எப்படிப் பழமாகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. வீட்டில் சாப்பிடப் பழம் வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு கடையில்தான் வாங்குவோம். (சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் பாதி வாழைக்காரர்கள் வீட்டில் இதுதான் நடப்பு.)

அப்போது நான் தேனியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பதினொரு இடம் வந்து தட்டிப்போனது. ஒன்றில் ஜாதகம் சேரவில்லை, ஒன்றில் என் உயரம் சேரவில்லை, ஒன்றில் எல்லாம் சேர்ந்தும் பெண்ணுக்கு மனம் சேரவில்லை. பன்னிரண்டாவதாக வந்த இடம் கம்பம். பெண் பெயர் செல்வி. அப்பா வாழைமண்டி வைத்திருக்கிறார். செல்போனில் வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில், அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் ராகுகாலம்கூட எனக்கு மனப்பாடம். இந்த இடம் மட்டும் கைவிட்டுப் போகக்கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை தகவல் வந்தது.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லியிருக்காக," என்றார் அம்மா. "சரவணா, தேனியில நல்ல கடையாப் பாத்துப் பழம் வாங்கிட்டு வந்துரு."

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னத்த பேசுற? போறது மண்டிக்காரர் வீட்டுக்கு. அவுக மண்டியில இருந்து போன பழத்தையே கடையில வாங்கி, அவுக கையிலயே குடுக்கவா? ரெண்டு ஏக்கர் வாழை வச்சிருக்கோம்லே!"

வரப்போரம் ஆசைக்கு வைத்த நான்கு செவ்வாழை நின்றன. அதில் ஒரு தார் திரண்டிருந்தது. வியாழக்கிழமை காலையில் அதை வெட்டினார் அப்பா. வெட்டியதோடு அவருடைய அறிவு முடிந்தது.

"வைக்கோல்ல பொதிஞ்சு, நடுவுல ரெண்டு பழுத்த பழத்தப் போட்டுச் சாக்கால மூடி வையி. அதுபாட்டுக்குப் பழுக்கும்," என்றார் அம்மா.

"எத்தன நாளாகும்?"

"ஆகும் ஒரு வாரம்."

எங்களுக்கு இருந்தது மூன்றே நாள். "நீங்க விடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அன்றைக்கு அந்த வாயை நான் மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

செல்போனில் தேடினேன். ஒருவர் வீடியோவில் மிகத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். டிரம்முக்குள் தாரை இறக்கி, ஓரத்தில் இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்து, சாக்குப் போட்டு மூடவேண்டும். புகையின் சூட்டுக்கு நான்கைந்து நாளில் பழுத்துவிடும். இரண்டு பத்தி போதும், அதிகம் வேண்டாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் இன்சூரன்ஸ்காரன். கணக்குப் போட்டேன். இரண்டு பத்திக்கு ஐந்து நாள் என்றால், ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை நாள்? என் கணக்குப்படி அந்தத் தார் வியாழன் மதியமே பழுத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்கு என்று சனிக்கிழமை வரை விட்டேன்.

பூஜை அலமாரியில் இருந்த மல்லிகைப் பத்தி ஒரு பாக்கெட். அது போதாதோ என்ற சந்தேகத்தில் நான்கு கப் சாம்பிராணி. எல்லாவற்றையும் தகர டிரம்முக்குள் பற்றவைத்து மூடினேன். வெள்ளிக்கிழமை இன்னொரு தவணை. தெருவில் போன ஒரு அம்மாள் எங்கள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதாக அம்மா சொன்னார். (அம்மா மிகைப்படுத்திப் பேசுகிறவர் இல்லை.)

சனிக்கிழமை காலையில் டிரம்மைத் திறந்தேன். உள்ளே கைவைத்தால் சூடு. பழம் சிவப்பாக இருந்தது. நல்ல சிவப்பு! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தாரிலேயே அழகான ஒரு சீப்பை அறுத்தெடுத்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. அளவுக்கு மீறிக் கனிந்துவிடுமோ என்று பயந்து, ஈரத்துணியால் துடைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தார். "ஏலே, காப்பி என்ன கோயில் மாதிரி மணக்குது?"

பால் பாக்கெட்டும் பழமும் ஒரே ஃப்ரிட்ஜில்தான் இருந்தன. அது ஒரு எச்சரிக்கை. எனக்குத் தலை வார வேண்டியிருந்ததால் அதைக் காதில் வாங்கவில்லை.

கம்பத்தில் அவர்களுக்குக் கீழே மண்டி, மாடியில் வீடு. கூடத்தில் உட்கார்ந்தோம். அம்மா தாம்பாளத்தில் பூ, வெற்றிலை பாக்கு, இனிப்பு எல்லாம் எடுத்து வைத்து, நடுநாயகமாகச் செவ்வாழைச் சீப்பை வைத்தார். "எங்க தோட்டத்துக் காயி. தம்பியே பழுக்க வச்சான்," என்று வேறு சொல்லிவிட்டார்.

செல்வியின் அப்பா முப்பது வருடமாகப் பழம் பார்க்கிறவர். பேசிக்கொண்டே அவர் கை தானாகத் தாம்பாளத்துக்குப் போனது. ஒரு பழத்தைக் காம்போடு பிய்த்து, கட்டை விரலால் அழுத்தினார். பேச்சு நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு எங்களைப் பார்த்து, மிக மரியாதையாகக் கேட்டார்.

"சாமி கும்பிட்டுட்டு வர்றீகளாண்ணே?"

"ஆமாமா. பிள்ளையாரக் கும்பிட்டுட்டுத்தான் கெளம்புனோம்," என்றார் அப்பா.

"அப்பச் சரி. இது பிரசாதம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் இன்னொரு பழத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "வாழைக்காரவுக வீடு. ஒரு தாரப் பழுக்க வைக்கத் தெரியலையே."

அதுதான் அப்பாவுக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. "நாங்க ஏண்ணே பழுக்க வைக்கணும்? நாங்க வெளைய வைக்கிறவுக. வெளஞ்சும் வெளையாம இருக்கையிலயே ஆளனுப்பி வெட்டிட்டுப் போறது உங்க மண்டி ஆளுகதான?"

வெளைய வைக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ காலமாக இருக்கிற சண்டை, ஒரு சீப்புப் பழத்தை முன்னிட்டு என் தலையில் வந்து விடிந்தது. அம்மா அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். அப்பா எழுந்திருக்கத் தயாராகிவிட்டார். பன்னிரண்டாவதும் போச்சு, அதுவும் ஜாதகத்தால் இல்லை, என் கையால் போச்சு என்று நினைத்தபோது அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் செல்வி உள்ளேயிருந்து வந்தாள். "இங்கன குடுங்கப்பா" என்று பழத்தை வாங்கி, இரண்டாக ஒடித்தாள். ஒரு பாதி கூழாக வழிந்தது. மறு பாதி சுரைக்காய் மாதிரி விறைத்து நின்றது. கூடமெங்கும் மல்லிகை மணத்தது.

"இது பழுக்கல. வெம்பிருச்சு," என்றாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, "எத்தன பத்தி வச்சீக?" என்றாள்.

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ரெண்டு," என்றேன்.

அவள் பழத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு பாக்கெட்டு," என்றேன். "வெள்ளிக்கிழமை இன்னொரு பாக்கெட்டு."

"பத்தி மட்டுமா?"

"சாம்பிராணி எட்டு."

"பழுத்துருச்சுன்னு எத வச்சு முடிவு பண்ணுனீக?"

"செவந்திருந்துச்சு."

"செவ்வாழை பிஞ்சுலயே செவப்புத்தானே?"

முதலில் சிரித்தது அப்பாதான். பெற்ற மகன் என்றும் பாராமல் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதைப் பார்த்து மண்டிக்காரரும் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அடித்துக்கொள்ள இருந்த இரண்டு பேரும், "காயி நல்ல காயிதாண்ணே, பாவம்" என்றும் "எரிச்சுப்புட்டாண்ணே எரிச்சு" என்றும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என்னைத் தவிர எல்லோரும் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

மற்ற இடங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேச மொட்டை மாடிக்கு அனுப்புவார்கள். செல்வியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, தம்பிக்குப் பழுக்க வைக்கிற அறையக் காட்டு. பாத்தாவது தெரிஞ்சுக்கிறட்டும்" என்றார். நாங்கள் முதன்முதலாகத் தனியாகப் பேசியது அடுக்கடுக்கான வாழைக்காய்களுக்கு நடுவில், குளிரூட்டிய ஓர் அறையில். காம்பு இளகவேண்டும், காயின் விளிம்பு மழுங்கி உருண்டு வரவேண்டும், சிவப்பு கொஞ்சம் வெளுத்து மஞ்சளோடவேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். பழுத்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் தொலி கறுத்துவிடும் என்றாள். ஃப்ரிட்ஜில் வைத்ததையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

"உங்கப்பா சொன்னதும் நெசந்தான். வெளையாத காயும் நெறைய வருது. நான் எங்கப்பாட்ட சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டுன்னு சொன்னீகளே, அந்தப் பொய்ய நாலு மூச்சுக்குக்கூட உங்களால பிடிச்சு வைக்க முடியலையே" என்றாள். சம்மதம் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னாள். பழத்துக்காக இல்லை என்பதை மட்டும் அடிக்கடி நினைவூட்டுகிறாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. கம்பத்தில் எனக்குச் சரவணன் என்று ஒரு பெயர் இருப்பதே யாருக்கும் தெரியாது. பத்தி மாப்பிள்ளை என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். வீட்டில் பழம் வாங்கும் உரிமையும் ஊதுபத்தி கொளுத்தும் உரிமையும் ஒரே நாளில் என்னிடமிருந்து பறிக்கப்பட்டன. மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தவுடன், அதை முகர்ந்து பார்த்து, பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்புறம்தான் தொலியை உரிப்பார். அப்பாவும் அவரைப் பார்த்து அதேபோலச் செய்யப் பழகிவிட்டார். இதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. இரண்டு தாத்தாக்களையும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளுடைய மிஸ் போன் செய்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாழைப்பழம் கொண்டுவரும் பிள்ளைகள் எல்லாம் அதை முகர்ந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாப்பிடுகிறார்களாம். கேட்டால் என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்கிறார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்க சார், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். இது உங்க பக்கத்து வழக்கமா?" என்றார்.

செல்வி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மிஸ்," என்றேன். பிறகு நான்கு மூச்சு விட்டேன். "இல்ல மிஸ். என்னாலதான்."