லோரிக் கண்ணாடியில் கங்காணி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வறுக்கும் இயந்திரத்தோடு காலம் தள்ளிவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். முதல் வாரம் தூங்கினேன். அடுத்த வாரம் பார்வதி (என் சம்சாரம்தான்) என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. அவளிடமிருந்து தப்பிக்கப் பழைய காலண்டர்களைக் கையில் எடுத்தேன். ஒரு படத்தை வெட்டி இன்னொன்றின் மேல் ஒட்டி, கீழே ஒரு வரி எழுதுவேன். சோப்பு விளம்பரத்து வெள்ளைக்காரி முதுகில் கூடையை ஒட்டி, ‘இன்னிக்கும் கொழுந்து பத்தலையாம்’ என்று எழுதி எஸ்டேட் மளிகைக்கடைச் சுவரில் மாட்டினேன். லயத்து வரிசை வீட்டுச் சனமே வந்து சிரித்தது. சிலர் அதைப் பார்த்து வரைந்து அடுத்த டிவிஷனுக்கும் கொண்டுபோனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திமிரில்தான் மூக்கையா கங்காணியின் தலையில் கை வைத்தேன். பழைய குரூப் போட்டோவிலிருந்து அவர் தலையை வெட்டி, கோயில் காலண்டரிலிருந்த முனியாண்டியின் கழுத்துக்கு மேல் ஒட்டினேன். அரிவாளும் வெள்ளைக் குதிரையும் அவருக்கென்றே செய்தது மாதிரி பொருந்தின. கீழே, ‘பெரட்டுக்கு இன்னிக்கு எவன் லேட்டு?’ என்று எழுதினேன். காலையில் ஆள் கூப்பிடும் அந்தப் பெரட்டில் அவரிடம் திட்டு வாங்காதவன் எங்கள் எஸ்டேட்டில் கிடையாது. அவர் ரிங்லெட் பக்கம் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. (இங்கேயே இருந்திருந்தால் எனக்கு அந்தத் தைரியம் ஏது?)

சில மாதம் கழித்து என் மகள் சரோஜாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அப்பா, மூக்கையா கங்காணி.

ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனைச் சரோஜாவுக்கே பிடித்திருந்தது. அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். இதுவும் தட்டினால் அவள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது. பரிசம் போட வருவதற்கு முதல் நாள் மத்தியானம்தான் சுவரில் மாட்டிய படம் நினைவுக்கு வந்தது. கடைக்கு ஓடினேன். ஆணி மட்டும் இருந்தது.

“அதை ஆ செங் கேட்டான், குடுத்துட்டேன்” என்றார் கடைக்காரர். “லோரியில முன்கண்ணாடிகிட்ட மாட்டியிருக்கான். மாலை, பொட்டு, ஊதுபத்தின்னு அமர்க்களமா இருக்கு அண்ணே.”

ஆ செங் கியா பார்ம் தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றி மலையடியில் இருக்கும் தாப்பாவுக்குக் கொண்டுபோகும் சீனன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. நான் எழுதிய வரி சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டிப் போட்டுவிட்டானாம். வரி போனதும் வேடிக்கையும் போய்விட்டது. மிச்சமிருந்தது சுத்தமான சாமி. வளைவுகளில் தன்னைக் காப்பாற்றுகிற சாமி என்று பக்தியோடு கும்பிட்டு வந்திருக்கிறான். ஆனால் மனிதன் படத்துக்கு மாலையும் பொட்டும் வைத்தால் நம்மவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். ஆள் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து, குரலை அடக்கிக்கொண்டு பார்வதியிடம் கேட்டேன். “நாளைக்கு அவங்க எதுல வர்றாங்க?”

“ஆ செங் லோரிதான் பேசியிருக்காங்களாம். பொம்பளைங்க பின்னால, கங்காணி முன்சீட்டு. ஏன், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?”

லோரி தாப்பாவில் இருந்தது. அங்கிருந்து நேரே ரிங்லெட் போய் அவர்களை ஏற்றிவிடும். லயத்தில் டெலிபோன் கிடையாது. ஆபீசில் உண்டு, ஆனால் அங்கே கணக்கெழுதும் கிராணி விவரம் கேட்பார். முனியாண்டி கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தேன். அது அழுகியிருந்தது.

மறுநாள் வடை வாசனையே எனக்குக் குமட்டியது. பனிமூட்டத்துக்குள் லோரி கியர் மாற்றும் சத்தம் கேட்டபோது கக்கூசில் இருந்தேன். (அன்று காலையில் பாதி நேரம் அங்கேதான்.)

வெளியே வந்தபோது கங்காணி இறங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. யாரிடமும் பேசாமல் என் தோளைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“மாணிக்கம், ரிங்லெட்ல ஏறினதுலேருந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு வந்தேன். மாலை போட்டு, பொட்டு வச்சு. ஆ செங்கைக் கேட்டா, ‘இது நல்ல சாமி லா, பிரேக் போனாலும் லோரி நிக்கும்’ங்கிறான்.”

கோயில் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

“எனக்கு நாள் வந்திருச்சுன்னு முனியாண்டி காட்டுறாரு. கல்யாணத்தைத் தீபாவளி வரைக்கும் இழுக்க வேணாம். அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிருவோம்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்படி ஜன்னலில் சரோஜா தலை நிறையப் பூவோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது. கங்காணி சாகவில்லை. குடியை விட்டார், விடிந்தால் தேயிலை மலையை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அவர் ஒரு இருமல் இருமினால் எனக்குத்தான் உயிர் போய் உயிர் வரும். ஆ செங்குக்கு நிஜ முனியாண்டி படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, தன் படத்தை வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். அங்கே மாலை கிடையாது. மலை ஈரத்துக்குப் பசை விட்டு, கழுத்து கிளம்ப ஆரம்பித்தது. சரோஜா ஆள் அனுப்புவாள். (நான் எழுதிய வரியோடு அந்தப் படத்தைக் கடைச் சுவரிலேயே பார்த்தவள் அவள்.) கங்காணி நடக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பசை டப்பாவோடு போய் ஒட்டிவிட்டு வருவேன்.

ஒருநாள் மழை பிடித்ததால் பாதியிலேயே திரும்பிவிட்டார். சட்டம் சரோஜா கையில், அவர் தலை என் கையில்.

கங்காணி குடையை மடக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒட்டுறதுதான் ஒட்டுறீங்க சம்பந்தி, அந்த மீசையையும் கொஞ்சம் பெருசாக்கிருங்க” என்று சொல்லிவிட்டு, சரோஜாவிடம் தேத்தண்ணி கேட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் யார் திருதிருவென்று முழித்தாலும், ‘என்ன, மீசையைப் பெருசாக்கணுமா?’ என்கிறார்கள். கங்காணியும் சேர்ந்து சிரிக்கிறார். அவருக்கு இது எப்போதிலிருந்து தெரியும், அந்த லோரியிலேயே தெரியுமா என்று கேட்க வேண்டும். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.