எழுவாய் தேடிய ஆர் அண்ணை

கொழும்பு வெள்ளவத்தையிலே எழுவாய்க்காகச் சண்டை பிடித்த ஒரே மனிதர் எங்கள் ஆர் அண்ணைதான். காலி வீதியில், ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம். ஜப்பானிய மொழியைக் கணினி தமிழாக்கும், நாங்கள் திருத்துவோம். ஜப்பானியர் பாதி வசனங்களில் யார் என்பதையே சொல்வதில்லை. தமிழில் அது சரிவராது, வினைச்சொல்லின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கணினி கைக்கு அகப்பட்ட ஆளைப் பிடித்துப் போட்டுவிடும். அண்ணை உடனே "ஆர்? ஆர்?" என்று, யாரெனக் கேட்டு மாடியை அதிரவைப்பார்; அதனால்தான் அந்தப் பெயர். ஜப்பானில் பத்து வருடம் இருந்து வந்தவர், அவரை எதிர்த்துக் கதைக்கவும் முடியாது.

"கலியாணத்துக்குக் குடும்பத்தோட வாங்கோ" என்று முதலாளி ஒருமுறை அழைப்பிதழை நீட்டினார். "ஆரின்ர குடும்பத்தோட?" என்றார் அண்ணை. முதலாளி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை ஹெவ்லொக் டவுனிலிருந்து ஓர் அம்மா படியேறி வந்தார். மகன் கபிலனுக்கு ஜப்பானில் முதியோர் இல்லமொன்றில் வேலை. இரண்டு நாளாக அவன் போன் எடுக்கவில்லை. விசாரித்ததற்கு இல்லத்திலிருந்து வந்த செய்தியை அம்மா போனிலேயே தமிழாக்கியிருந்தார்.

"கபிலன் நேற்று விடியற்காலை காலமானார். கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணை மூலச் செய்தியை மூன்று தரம் வாசித்தார். அன்று அவர் கத்தவில்லை.

"அம்மா, ஆர் செத்தது எண்டு இதில இல்லை. பேரை மெஷின்தான் போட்டிருக்கு."

"அண்ணை, சும்மா ஆசை காட்டாதேங்கோ" என்றேன்.

"செத்ததுக்கு மரியாதை வினை போட்டிருக்கு. கையைப் பிடிச்சதுக்கு அது இல்லை; தங்கட வேலையாளுக்கு அவங்கள் வெளியாக்களிட்ட மரியாதை வினை போடமாட்டாங்கள். ரெண்டும் ரெண்டு ஆக்கள் போலதான் கிடக்கு. நான் பிழையாவும் இருக்கலாம். கேட்டுப் பாப்பம்."

இல்லத்துக்குப் போன் எடுத்தார். போனுக்கே நாலு தரம் தலை குனிந்து கதைத்துவிட்டு, அதை அம்மாவிடம் கொடுத்தார்.

"அம்மா, நான் பாத்துக்கொண்ட ஐயா கண்ணை மூடிட்டார். ரெண்டு நாளா அவரோடயே இருந்தன், போனைப் பாக்கேல்லை" என்று மறுமுனையில் கபிலன் அழுதான்.

அம்மாவும் அழுதார். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

"தம்பி, உங்கட பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ. கோயில்ல ஒரு அர்ச்சனை செய்விக்கிறன்" என்றார் அம்மா அண்ணையிடம்.

"எனக்கு வேண்டாம் அம்மா. அந்த மனிசனுக்கு ஒரு மோட்ச விளக்கு ஏத்துங்கோ."

ஓர் உயிர் போயிருந்ததை எங்களில் வேறு எவரும் நினைக்கவில்லை. அந்தப் பொல்லாத மனிதரோடு ஒரே அறையில் வேலை செய்யக் கிடைத்தது எனக்குப் பெரிய பாக்கியம்.