படிக்கலாம் என்ற தளம்

வெண்குடை நாட்டில் காணாமல் போனவர் என்று ஒருவரும் கிடையாது. அரசரே சொல்லியிருக்கிறார், நம்பாமல் இருக்க நாம் யார்? அங்கே வீட்டுக்கு வீடு கணினி உண்டு. அதில் ஓடும் இயங்குதளம் அரண்மனை கொடுத்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் பார்க்க முடியாது. எதிர்த்துப் பேசிய ஒருவரைக் காவலர்கள் கூட்டிப்போனால், கொஞ்ச நாளில் அவர் படங்கள் எல்லா வீட்டுக் கணினியிலும் கரைந்துபோகும். நினைவு வைத்துக்கொள்ளும் வேலையையே அந்த மக்கள் கணினியிடம் ஒப்படைத்துவிட்டவர்கள். படம் போனால் ஆளும் மனசை விட்டுப் போய்விடுவார்.

செண்பகவடிவின் தம்பி குமரவேளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அரிசி விலையைப் பற்றிச் சந்தையில் உரக்கக் கேட்டான். அன்றைக்கே கூட்டிப்போய்விட்டார்கள். இப்போது அவளிடம் மிஞ்சியது அவளுடைய கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் அவன் அவள் தோளில் கைபோட்டு நிற்கிறான். நிற்கிறான் என்று சொல்லக் கூடாது, கால்கள் ஏற்கெனவே போய்விட்டன. இந்தப் படமும் போனால் தனக்குத் தம்பி இருந்ததே மறந்துவிடும் என்ற பயம் அவளைத் தின்றது.

ஊரில் முணுமுணுப்பு கூடியபோது தகவல் அமைச்சர் மேடை ஏறினார்.

“குடிமக்களே! இனி ஒளிவுமறைவு இல்லை. அல்லி, முல்லை, நொச்சி என மூன்று திறந்த தளங்களை மாமன்னர் அருளியிருக்கிறார். தளத்தை இயக்கும் கட்டளைகளான மூலநிரலின் ஒவ்வொரு வரியையும் எவரும் படிக்கலாம், தம் வீட்டில் மாற்றியும் கொள்ளலாம். விரும்பியதைத் தேர்ந்தெடுங்கள்!”

மறுநாள் ஒரு ஆணை வந்தது: நிரலை அரண்மனைப் படிப்பகத்தில் மட்டுமே படிக்கலாம்; பிடிக்காத வரியின் எண்ணை வீட்டுக் கணினியில் கொடுத்தால் அது நீங்கிவிடும். அதற்கடுத்து இன்னொன்று: படிக்க வருபவரின் முகம் பதிவு செய்யப்படும். நன்றி சொல்வதற்காகவாம். மக்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. எந்தத் தளத்தின் திரை அழகு என்று டீக்கடைகளில் அடிதடியே நடந்தது. கடைசியில் அல்லி ஜெயித்தது.

செண்பகவடிவு பக்கத்து வீட்டு நாச்சியப்பனிடம் போய்க் கேட்டாள். “அண்ணே, அல்லியை நம்பிப் போடலாமா?”

“தாராளமா போடும்மா. யார் வேணும்னாலும் படிக்கலாம்னு திறந்து வச்சிருக்கான். அதுல போய்த் தப்புத்தண்டா பண்ணுவானா?”

அவளும் போட்டாள். காலையில் பார்த்தால், ஒரே இரவில் படத்தில் தம்பி இடுப்பு வரை கரைந்துபோயிருந்தான்.

மறுபடி நாச்சியப்பன் வீட்டுக்கு ஓடினாள். “நீங்க அதைப் படிச்சீங்களாண்ணே?”

“நானா? எனக்கேது நேரம்? எதிர்வீட்டுக் காந்திமதி படிச்சிருக்கும்.”

காந்திமதி வாசலிலேயே சிரித்தாள். “என்னக்கா விளையாடுறீங்க? நீங்க படிச்சிட்டீங்கன்னுதானே தெருவே சொல்லுது! தம்பியைப் பறிகொடுத்தவங்க படிக்காமலா போட்டிருப்பாங்கன்னு நம்பித்தான் நாங்க எல்லாரும் போட்டோம்.”

செண்பகவடிவு நேரே அரண்மனைப் படிப்பகத்துக்குப் போனாள். தரையில் தூசி படிந்திருந்தது, ஒரு காலடித் தடம் இல்லை. நாற்காலிகள் உறை பிரிக்காமல் கிடந்தன. அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார்.

“வாங்கம்மா, நீங்கதான் முதல் ஆள். கொஞ்சம் இப்படிப் பாருங்க.” அவள் முகம் பதிவானது.

தேட வேண்டியிருக்கவே இல்லை. முதல் பக்கத்திலேயே, எவருக்கும் புரியும்படி, பெரிய எழுத்தில் இருந்தது: “அரண்மனைக்கு ஒவ்வாத முகங்களை அழிக்கவும்.” அடியில் ஒரு குறிப்பு: “விரும்பாதவர்கள் இவ்வரியைத் தங்கள் கணினியில் நீக்கிக்கொள்ளலாம்.”

“நாங்க எதையும் மறைக்கலையேம்மா. சட்டப்படி எல்லாம் திறந்துதான் இருக்கு” என்றார் அதிகாரி, மிகவும் பணிவாக.

வீட்டுக்கு ஓடி அந்த வரியை நீக்கினாள். படம் கரைவது நின்றது. தம்பியின் முகமும் அவள் தோளில் கிடந்த கையும் தப்பிவிட்டன. திரையைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் அழுதாள். விடிந்ததும், மற்றவர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்று, அழுத கண்ணோடு நாச்சியப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, முதல் பக்கத்துல ஒரு வரி இருக்கு. உடனே அதை எடுத்துடுங்க!”

நாச்சியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கணினித் திரையில், போன திருவிழாவில் தெருவே சேர்ந்து பொங்கல் வைத்த படம் இருந்தது. பானைக்குப் பக்கத்தில், அவள் நின்ற இடத்தில் சுவர்தான் தெரிந்தது. கரண்டி மட்டும் அந்தரத்தில் நின்றது.

“யாரும்மா நீங்க? இந்தப் பக்கம் பார்த்ததில்லையே” என்றார். பிறகு சமாதானமாகச் சொன்னார்: “வீணா பயப்படாதீங்க. எங்க தெருவுல ஒரு அம்மா அதை முழுசா படிச்சுட்டுத்தான் போட்டாங்க. பேருதான் சட்டுனு நினைவுக்கு வரல.”