மாமனார் வீட்டுக் கரண்டு

போனில் வந்த கரண்ட் பில்லை சுப்புராஜ் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அடியிலாவது ஏதாவது தள்ளுபடி போட்டிருக்காதா என்று.

"ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிட்டோம். தாண்டினா ரேட்டே வேற" என்றாள் மனைவி ஹம்ஸா. "பெட்ரோல் மிச்சம்னு கார் வாங்கினீங்க. இப்ப நம்ம ஃபேனும் சேர்ந்துல்லா பெரிய ரேட்ல சுத்துது."

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் சுப்புராஜுக்கு. பேரம் பேசாமல் உப்புப் பாக்கெட் வாங்கியவர் இல்லை. எலெக்ட்ரிக் கார் வாங்கும்போது, சீக்கிரம் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டித் தருவதாக ஷோரூமில் சொன்னார்கள். "பெட்டி வேண்டாம். அதுக்கான ரூவாயக் குறைங்க" என்று முப்பதாயிரம் குறைத்துக்கொண்டு, வெறும் வயரோடு, ஜெயித்த முகத்துடன் வீடு வந்தார். அந்த வயரில் முழுசாக ஏறப் பத்து மணி நேரம்.

கடையில் சார்ஜ் போட்டுப் பார்த்தார். கடை மீட்டர் வியாபார ரேட். வீட்டு பில்லே தேவலை என்றாகிவிட்டது.

அப்போதுதான் மாமனார் ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை நடத்தி ஓய்ந்த கண்ணபிரான். அவர் வீட்டு மொட்டைமாடி முழுக்க சோலார். ஒரே சிக்கல், ஹம்ஸா விரும்பிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாலு வருஷமாக அவர் சுப்புராஜை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. "அவருக்குக் காபி குடு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வதோடு சரி.

"அவிய மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

"மூஞ்சியில எதுக்கு முழிக்கணும்? பிளக்கைத்தான பாக்கப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வீட்டுக் கார் ஷெட்டில் வயரைச் சொருகினார். பக்கத்துச் சுவரில் பெரிய பெருமாள் காலண்டர் ஒன்று தொப்பை வைத்தாற்போல் முன்தள்ளித் தொங்கியது.

"சுவர் ஓதம். ஈரத்த மறைக்க மாட்டுனது" என்றார் கண்ணபிரான், காலண்டரிடம்.

முதல் ஞாயிறு பேப்பரை ஆளுக்குப் பாதி பிரித்து, பேசாமலே படித்தார்கள். இரண்டாவது ஞாயிறு நூல் விலை விசாரித்தார் மாமனார். கேட்டுவிட்டு, "நல்லா ஏமாந்திருக்காரு" என்று சுவரிடம் தீர்ப்பும் சொன்னார். மூன்றாவது ஞாயிறு விற்பனைக்கே இல்லாத ஒரு பித்தளை அண்டாவுக்கு இருவரும் ரெண்டு மணி நேரம் விலை பேசினார்கள். யாரும் இறங்கவில்லை. நாலாவது ஞாயிறு, பந்தியில் மாமியார் ஜயலக்ஷ்மியிடம், "மாப்பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் வை" என்றார் கண்ணபிரான்.

ஹம்ஸா மோரை இலைக்கு வெளியே ஊற்றினாள்.

ஆனால் சுப்புராஜ் மனசு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது பழம், பூ, மாமியாருக்குத் தைலம், ஒரு ஞாயிறு முழுக்கக் கடை அடைப்பு. ஓசிக் கரண்டு பெட்ரோலைத் தாண்டிவிட்டது.

"அந்தப் பெட்டிய வாங்கி அங்கயே மாட்டிரப் போறேன். பத்து மணி நேரம் நாலாயிரும். மத்தியானம் கடையத் திறந்திரலாம்."

"இப்பத்தான் அப்பா வாயத் திறந்திருக்காவ. நீங்க அரை நாள்ல ஓடியாந்தா பொறவு பழையபடி சுவர்தான்."

"அதுக்காக ஞாயித்துக்கிழமை யாவாரத்த விட முடியுமா?"

அடுத்த ஞாயிறு ஷோரூம் எலெக்ட்ரீஷியன் தங்கச்சாமியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வரச் சொன்னார். அவர் வண்டியை நிறுத்தும்போதே பெட்டி மாட்டும் கூலியில் இருநூறு குறைத்தாயிற்று. தங்கச்சாமியைப் பார்த்ததும் கண்ணபிரானுக்கு அவசரமாகக் கோவிலுக்குப் போகவேண்டி வந்தது. சட்டையை மறந்துவிட்டு, செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தங்கச்சாமி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். சுப்புராஜையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டு காலண்டரைக் கழற்றினார். பின்னால் புத்தம்புதுப் பெட்டி.

"நீங்க வேண்டாம்னு விட்ட பெட்டிதான் அண்ணாச்சி. நீங்க கார் எடுத்த மறுநாளே அய்யா விஷயம் கேள்விப்பட்டு ரூவா குடுத்து வாங்கிட்டாவ, மாட்டுனது நாந்தான். 'இதுல போட்டா மாப்பிள்ளை எம்புட்டு நேரம் இருப்பாரு'ன்னு கேட்டாவ. நாலு மணி நேரம்னேன். உடனே உள்ள போயி இந்தக் காலண்டரை எடுத்துட்டு வந்தாவ."