துக்க வீட்டில் சொன்ன 'போயிட்டு வரேன்'

பத்தாம் வகுப்பில் பெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பெயிலாகவில்லையே, அப்போ திட்டம் வெற்றிதானே என்று இன்றைக்கும் வாதாடுவேன்.) பஸ்ஸில் ஏறினால், டிரைவர் ராத்திரி சரியாகத் தூங்கினாரா என்று கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்ப்பேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்த கையை மோந்தும் பார்ப்பேன். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அண்டா, குண்டான், ஜமக்காளம், நாற்காலி, ஷாமியானா எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கும் கொடுப்போம், சாவுக்கும் கொடுப்போம். கல்யாண வீட்டில் சாமான்களை இறக்கினால் "போயிட்டு வரேங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். துக்க வீட்டில் வாயைத் திறக்காமல் நழுவிவிட வேண்டும். அங்கே போய் "போயிட்டு வரேன்" என்றால், இங்கே இன்னொரு சாவு விழட்டும், அதற்கும் வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எங்களைப் போன்றவர்களுக்கோ அதுதான் பிழைப்பு. அதில் நான் தவறியதே இல்லை, தொட்டியத்துக்குப் போகிறவரை.

தொட்டியத்துக்கு முன்னால் என் மகள் நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "உங்க மானம்தானேப்பா போகுது, எழுதுங்க" என்றாள்.

அவளுக்கு வந்தது எனக்கு முதலில் வியாதியாகவே தெரியவில்லை. நம் வளர்ப்பு அப்படி என்று பெருமைப்பட்டேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று நம் ஜனங்கள் சொல்வதில்லை, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். நிவிக்கு அது பத்தவில்லை. கிளம்புகிறவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் இருமல் வரக்கூடாது. அவள் "போயிட்டு வாங்க" என்று சொல்லி முடிக்கும்வரை திரும்பக்கூடாது. தெருவில் எவனாவது ஹாரன் அடித்துவிட்டால் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளம்பியவர் திரும்பி வரமாட்டார் என்று அவள் மனசு சொல்லும்.

எங்கள் வீடு மாடியில். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருப்பேன், மேலிருந்து "அப்பா" என்று குரல் வரும். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு படியேறி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்று சொல்வேன். சொன்னதும் அவள் முகம் தெளியும். அந்தத் தெளிவுக்காக இமயமலை ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பேன். என் மனைவி சுமதிதான், "ஏங்க, நீங்க ஏற ஏற அது கூடிக்கிட்டே போகுதுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போன நாட்களில் எனக்கே வண்டி ஓட்டத் தைரியமாக இருந்தது.

பிறகு அவள் வெளியே போவதே சிக்கலாயிற்று. கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லுவாள், எங்களைச் சொல்லச் சொல்லுவாள், திருப்தி வராது, மறுபடியும் சொல்லுவாள். அதற்குள் ஒன்றாம் நம்பர் பஸ் ஒன்றுக்கு இரண்டாகப் போயிருக்கும். வருகைப்பதிவு குறைந்தது. இப்படியே போனால் செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். "எனக்குப் படிப்பே வேணாம்பா" என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒன்பதாம் வகுப்பில் நான் சொன்னதும் அதே வாக்கியம்தான்.

தில்லை நகரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனோம். நிவியிடம் தனியாகப் பேசிவிட்டு எங்களையும் உள்ளே கூப்பிட்டு, "இது ஓசிடி" என்றார்.

நான் பதறிப்போய், "வேணாங்க டாக்டர், இப்பதான் கீழே குடிச்சிட்டு வந்தோம்" என்றேன்.

டாக்டரம்மா முழித்தார். சுமதி என் காலை மிதித்தாள். அழுதுகொண்டிருந்த நிவி, "அப்பா, அவங்க டீ குடுக்கல. நோயோட பேரு சொல்றாங்க" என்றாள். (ஓசி டீ தர தில்லை நகரில் ஆஸ்பத்திரியா இருக்கிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

வேண்டாத எண்ணம் ஒன்று மனசில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது தரும் பயத்தை அடக்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் என்று அவர் விளக்கினார். யாருடைய குற்றமும் இல்லை என்றார். என்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ என்று கேட்டேன். குடும்பத்தில் வரலாம், ஆனால் யார் தலையிலும் போட முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மாடியேறி வந்து சொல்றீங்களே, அது அவளுக்குச் செய்ற உதவி இல்லீங்க. அந்த நோய்க்குப் போடுற சோறு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆர்வமும் வந்துவிட்டது. "சரிங்க, 'பை பை'ன்னு சொன்னா அதுக்குப் பசிக்குமா? தமிழே தெரியாத ஊர்ல பிறந்திருந்தா எந்த வார்த்தையைப் பிடிச்சிருக்கும்?" என்று கேட்டேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அவரவர் எதை உயிராக நினைக்கிறார்களோ அதையே போய்ப் பிடிக்கும் என்றார்.

அதற்குப் பிறகு யார் யார் எப்படி விடைபெறுகிறார்கள் என்று கவனிப்பதே எனக்கு வேலையாயிற்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முக்கால்வாசிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்கிறார்கள். எங்கள் தெரு பட்டர் "எழுந்தருளணும்" என்று ஆளை வழியனுப்புகிறார். ஆட்டோக்காரர் ஒருவர் தன் பெண்டாட்டிக்கு ஒரு ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகிறார். எல்லாரும் சாயங்காலம் ஒழுங்காகத் திரும்பியும் வருகிறார்கள்.

நிவியிடமே ஒருநாள் கேட்டேன். "உள்ள எப்படிம்மா இருக்கும்?"

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "தும்மல் வர்ற மாதிரி வந்து, வராம நிக்கும்ல? அது மாதிரிப்பா. சரியா சொன்னா தும்மிட்ட மாதிரி. ஆனா உடனே அடுத்த தும்மல் வந்து நின்னுக்கும். இதுல அர்த்தமே இல்லன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் நிக்காது."

டாக்டரம்மா சொன்ன வழி இது. திட்டக்கூடாது. நோயோடு சேர்ந்து ஆடவும் கூடாது. எதைக் குறைப்பது என்று நிவியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பயம் வரும்போது "ஒண்ணும் ஆகாது" என்று சத்தியம் செய்யாமல், "பயமா இருக்குல்ல, இரு, நானும் இருக்கேன்" என்று பக்கத்தில் இருக்க வேண்டும். பயம் ஏறும், தானே இறங்கவும் செய்யும். முதல் படியாக, யார் கிளம்பினாலும் ஒரே ஒரு தடவைதான் சொல்வது என்று நிவியே ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. காலையில் பஸ்ஸையும் பிடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் தொட்டியத்தில் பெரிய மாமா காலமானார். சுமதியின் பெரியப்பா. வயதானவர், வாழைத் தோப்பைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நிவி வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். நாற்காலியும் ஷாமியானாவும் நம் கடையிலிருந்துதான்.

தகனம் முடிந்து, எல்லாரும் குளித்துவிட்டு வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சுமதி தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நான் வழக்கம்போல் நழுவுவதற்காகச் செருப்பைப் போட்டேன். போன் அடித்தது.

"அப்பா, கிளம்பிட்டீங்களா? என்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க."

"காலைலயே சொல்லிட்டேனேம்மா."

"அது இங்கேருந்து போனதுக்கு. இப்ப திரும்பி வர்றதுக்கு. முசிறி ரோட்ல லாரியா வரும்பா."

பக்கத்தில் இருக்க வேண்டும், சேர்ந்து ஆடக்கூடாது. எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் லாரி என்றதும் எனக்கும் லாரி தெரிய ஆரம்பித்துவிட்டது. சரி, ஒரு தடவைதானே என்று மெதுவாக, "போயிட்டு வரேன்" என்றேன்.

"கேக்கல."

தொட்டியத்தில் சிக்னல் சுமார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். குரலை உயர்த்தினேன். பாதியில் வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. செல்லாது. இனி அரைகுறையாகச் செய்து பலனில்லை என்று, சட்டையைச் சரிசெய்து, முகத்தைத் தூக்கி, எங்கள் வீட்டு வாசலில் சொல்வதைப் போலவே புன்னகையோடு உரக்கச் சொன்னேன்.

"போயிட்டு வரேன்."

பந்தலே என்னைப் பார்த்தது. என் முகத்துக்கு நேர் எதிரே, நம் கடை நாற்காலியில், சின்ன மாமா உட்கார்ந்திருந்தார். செத்துப்போனவரின் தம்பி. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி மூன்றும் உள்ளவர். வரிசைப்படி அடுத்தவர். என் புன்னகை முழுவதும் அவர் மேல்தான் விழுந்திருந்தது.

அவர் நிதானமாகக் கேட்டார். "எதுக்கு மாப்ள வருவீங்க? எனக்கா?"

"இல்லீங்க மாமா. உங்களுக்கு இல்லீங்க" என்றேன். அப்படிச் சொன்னால் வேறு யாருக்கு என்ற கேள்வி வரும் என்று தோன்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார் மச்சான், சுமதியின் அண்ணன். "அப்ப யாருக்குன்னு சொல்லிட்டுப் போங்க மாப்ள. நாற்காலியை எடுக்கவா, வேணாமா?"

கையிலிருந்த போனில் ஏதோ சத்தம். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். காதில் வைத்தால், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் துக்க வீடு முழுக்கக் கேட்டது. சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிரித்துக் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாளே அந்தச் சிரிப்பு அவளைத் திருப்பிக் கடித்தது. அப்பா சொன்ன வார்த்தையால் சின்னத் தாத்தாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தொட்டியத்துக்குப் போன் போட ஆரம்பித்தாள். "தாத்தா, நல்லாருக்கீங்களா?" காலையில் ஒரு தடவை, கல்லூரியிலிருந்து ஒரு தடவை, படுக்கும் முன்பு ஒரு தடவை. அவரும் சந்தோஷமாக முட்டியில் தொடங்கி முதுகுவரை விவரிப்பார். பரீட்சை நெருங்கியது. புத்தகம் விரித்தபடியே கிடந்தது.

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். பிறகு நிவியிடம், "அடுத்த படி எதுன்னு நீயே சொல்லு" என்றார்.

நிவி நகத்தைப் பார்த்தபடியே, "போன் பண்ணாம இருந்து பாக்கறேன்" என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். போன் நடுவில் இருந்தது. அவளுக்கு வியர்த்தது. "பயமா இருக்குல்ல" என்றேன். "ஆமா" என்றாள். "நானும் இருக்கேன்" என்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கைகழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய், என் போனிலிருந்து தொட்டியத்துக்கு அடித்துப் பார்த்தேன். இருந்தார். நிம்மதியாக வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு இன்னொரு தடவை கைகழுவ வேண்டியிருந்தது.

மூன்றாம் தடவை நான் எழுந்திருக்கும் முன்பே நிவியின் போன் அடித்தது. சின்ன மாமா.

"ஏம்மா, உங்கப்பனுக்கு என்ன ஆச்சு? இருக்கீங்களா இருக்கீங்களான்னு போன் மேல போன் போடுறாரு. நாற்காலி ஏத்திட்டாரா?"

நிவி என்னைப் பார்த்தாள். "அப்பா, தில்லை நகர்ல உங்களுக்கும் ஒரு டோக்கன் போடவா?"

(போட்டாள். போனேன். எனக்கு நோய் அளவுக்கு இல்லையாம், வெறும் பழக்கமாம். சான்றிதழ் வாங்கின மாதிரி இருந்தது.)

அதிலிருந்து இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டோம். அவளும் போன் பண்ணக்கூடாது, நானும் பண்ணக்கூடாது. என்னைக் காவல் காக்கிற பொறுப்பு அவளுக்கு வந்துவிட்டது. நான் எழுந்தாலே, "எங்க, கைகழுவவா?" என்பாள்.

பரீட்சை நாள் வந்தது. ஹால் டிக்கெட், பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வழக்கமாக மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். சுமதி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நிவி செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிராமலே சொன்னாள்:

"அப்பா, நான் போறேன்."

'போயிட்டு வரேன்னு சொல்லும்மா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் ஹால் டிக்கெட்டைக் கசங்கக் கசங்கப் பிடித்திருந்தாள். வேண்டுமென்றேதான் சொல்கிறாள் என்று புரிந்தது.

"சரி" என்றேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டப்பட்டுச் சொன்ன வார்த்தை அதுதான்.

படியில் இறங்கிப் போனாள். பாதியில் கொஞ்சம் நின்றாள். செருப்புச் சத்தம் நின்றதை வைத்துச் சொல்கிறேன். பிறகு மறுபடியும் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. சுமதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வந்தாள். பேப்பர் சுமார் என்றாள். அந்த வருடம் தப்பித்தது. இப்போது வேலைக்குப் போகிறாள். நோய் சில நாள் எட்டிப் பார்க்கும். அப்படி வந்தால் அவளே சொல்லிவிடுவாள், நாங்கள் அதற்குச் சோறு போடுவதில்லை.

சின்ன மாமாவும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். தொட்டியத்தில் என் பிழைப்புதான் கெட்டது. காது குத்து, சீமந்தம், கிரகப்பிரவேசம் எதற்குப் போனாலும், நான் வண்டியை நிறுத்துவதற்குள் உள்ளிருந்து குரல் வரும்:

"பாருங்கய்யா, மாப்ள சொன்ன சொல்லு தவறல. வந்துட்டாரு. ஆனா நான் இன்னும் ரெடியாகல."

வண்டியின் பின்னாலிருந்து முதலில் சிரிப்பது நிவிதான்.