பசியாவரத்து நீலக் கதவு

கதவு பச்சையாக இருந்தது.

பிரசாந்த் கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், ஆர்த்தியின் கண்ணைச் சந்திக்காமலிருக்க ஏரியைப் பார்த்தான்.

'முகத்துவாரம்' இசைக்குழுவின் 'நீலக் கதவு' பாட்டில் இந்த ஏரித் தீவுக் கிராமம் பசியாவரம் வருகிறது, நீலக் கதவு போட்ட வீடு வருகிறது, சொம்பு நீட்டும் பெண்ணும் வருகிறாள். எந்தத் தெரு என்பது மட்டும் வரவில்லை. போன மாதம் பிரசாந்த் தனியாக வந்து வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் நின்று படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். 'யாரையும் கேட்கவில்லை, கால் தானாக நடந்தது, கண் தானாக அழுதது' என்று கீழே ஒரு வரி வேறு.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்த்து, கல்யாண மண்டபம் வரை பேசியாகிவிட்டது. ஆர்த்தி சரி என்று சொல்வது மட்டும்தான் பாக்கி. அவளும் அந்தக் குழு என்றால் உயிரை விடுகிறவள்.

"அது அந்த வீடே இல்ல. புளுகுற ஆளை நான் கட்டிக்க மாட்டேன். நேர்ல காட்டுங்க, அப்புறம் பதில் சொல்றேன்" என்றுவிட்டாள். அதனால்தான் இந்த வெயிலில் ரயில், பஸ், படகு எல்லாம்.

"புதுசா பெயின்ட் அடிச்சிருப்பாங்க" என்றான்.

ஆர்த்தி கதவை நகத்தால் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் இன்னும் பழைய பச்சை இருந்தது.

"நல்லா தெரிஞ்சுக்கோங்க, பிரசாந்த். உண்மையான ரசிகருக்கு வீட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சிடும்."

பேச்சுச் சத்தம் கேட்டு அந்த வீட்டுக்காரி தேவகி வெளியே வந்தாள். கையில் பாதி கழுவிய நண்டு.

"அக்கா, என்னை ஞாபகம் இருக்கா? அந்த நீலக் கதவு..."

"அது போயிடுச்சேப்பா."

"எது?"

"கதவுதான்."

பிரசாந்த் அவசரமாகப் படத்தை நீட்டினான். "பாருங்க ஆர்த்தி, பக்கத்துல நிக்கிறது இவங்கதான். இதே வீடுதான்!"

"நான்தான்" என்றாள் தேவகி. "அப்ப எங்க வூட்டுப் பாடு."

"பாடா?"

"ஏரியில ஒரு எடத்துல மீனு நெறய வுழும், ஒரு எடத்துல வுழாது. அதான் சீட்டுப் போட்டு, இன்னிக்கு நீ, நாளைக்கு நான்னு முறை வெச்சு வலை வுடறோம். அதுதான் பாடு. இந்தப் பாட்டு வந்ததுலேர்ந்து டவுன்காரங்க வர்றாங்க, நண்டுக் கொழம்பு கேக்கறாங்க. ஒரே வூட்டுக்குப் போனா மத்த வூடு இன்னா பண்ணும்? அதான் கதவுக்கும் சீட்டுப் போட்டுட்டோம். ரெண்டு கீலு, கழட்டினா வந்துடும்."

"அப்போ நிஜமான வீடு எது?"

"எந்த வாரத்துக்குக் கேக்கற?"

பிரசாந்த் கடைசி நூலையும் பிடித்துப் பார்த்தான். "அன்னிக்கு சொம்புல தண்ணி குடுத்தாங்களே ஒருத்தங்க, பாட்டுல வர்ற பொண்ணோட தங்கச்சின்னு..."

"என் நாத்தனாரா? அவ அந்தப் பாட்டையே கேட்டதில்லயே!"

ஆர்த்தியின் முகம் சிவந்துவிட்டது. கோபம் போலும்.

இனி மறைத்துப் பயனில்லை என்று பிரசாந்துக்குப் புரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. "கால் தானா நடக்கல, ஆர்த்தி. படகுக்காரர் கையைப் புடிச்சு இங்க கொண்டாந்து விட்டாரு. வீடு யார் வீடோ. ஆனா அழுதது நிஜம். இருபது நிமிஷம் அழுதேன். உங்ககிட்ட பொய்யனா நிக்க எனக்கு மனசு வரல."

"சரி, சரி. படகுக்குப் போலாம்."

"ரொம்பக் கோபமா?"

"வெயில் தாங்கல. கிளம்புங்க."

கல்யாணம் முறிந்தது என்றே அவனுக்குத் தோன்றியது. போகிற போக்கில் கதவையாவது கண்ணில் காட்டிவிட நினைத்தான்.

"இந்த வாரம் யார் வீட்டுல அக்கா?"

"கடைசி வூடு. அர்ச்சனாவோடது."

"நான் பார்க்கல" என்றாள் ஆர்த்தி.

"ஒரே நிமிஷம். உங்களுக்காகத்தானே வந்தோம்?"

துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வேண்டாவெறுப்பாக அவன் பின்னால் நடந்தாள். கடைசி வீட்டில் கதவு பளிச்சென்று நீலமாக நின்றது. நிலைக்குச் சற்றுப் பெரிதாக இருந்ததால் சரியாகச் சாத்த முடியவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த அர்ச்சனா, ஆர்த்தியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானாள்.

"அட, வாங்கக்கா! ரெண்டு வாரத்துக்கு முன்ன துளசிங்கம் மாமா வூட்டு வாசல்ல இந்தக் கதவைக் கட்டிப் புடிச்சுக்கினு, 'அசல் வூடு இதான்'னு ஒரு மணி நேரம் அழுதீங்களே, இப்ப தேவலையா?"